சோபா என்னும் திண்ணை

பஞ்சோ நுரையோ திணித்து, சாய்மானமும் கை வைக்கும் இடமும் சேர்த்து, இருவர் மூவர் ஒருங்கே அமரும்படி செய்யப்பட்ட நீண்ட இருக்கையைச் சோபா என்கிறோம். ஒலிப்பில் கண்ணாக இருப்பவர்கள் 'சோஃபா' என ஆய்தமிட்டு எழுதுவர். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல் என்றாலும் இதன் பிறப்பிடம் ஆங்கிலம் அன்று.

இதன் மூலம் 'சுஃப்பா' என்னும் அரபுச் சொல். உட்காருவதற்காகத் தரையைவிட உயர்த்திக் கட்டப்பட்ட மேடையை, அதாவது நாம் திண்ணை என்று சொல்வதை, அது குறித்தது. மதீனாவில் நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலை ஒட்டிக் கூரை வேய்ந்த அத்தகைய ஓர் இடத்தில், வீடு வாசல் இல்லாத தோழர்கள் தங்கியிருந்தனர். 'அஹ்லுஸ் சுஃப்பா' எனப்பட்ட அவர்களைத் தமிழ் இசுலாமிய எழுத்துகள் 'திண்ணைத் தோழர்கள்' என்றே குறிப்பிடுகின்றன. சோபாவுக்குத் தமிழ்ச் சொல் தேடுவோர் பலர், அதன் மூலச்சொல் முன்பே இவ்வளவு அழகாகத் தமிழாக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

அரபிலிருந்து துருக்கிக்குச் சென்ற சொல், அங்கே அறைகளெல்லாம் வந்து திறக்கும் பொதுக் கூடத்துக்கும் பெயராயிற்று. மரபான துருக்கி வீடுகளை வெளிச்சோபா வீடு, உள்சோபா வீடு என்று இன்றும் வகைப்படுத்துகின்றனர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, கீழை நாடுகளில் கம்பளமும் திண்டுகளும் பரப்பிய மேடை என்பதே அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டில்தான் மேடை மறைந்து, மரச்சட்டமும் கால்களும் கொண்ட, இடம் மாற்றத்தக்க இருக்கைக்கு அப்பெயர் நிலைத்தது.

இதன் உறவுச் சொற்களுள் சுவையானது 'திவான்'. பாரசீகத்தில் பதிவேட்டையும் பின்னர் அரசவையையும் குறித்த அச்சொல், அவையில் சுவரோரமாக இடப்பட்ட மெத்தை இருக்கைக்கும் ஆகி வந்தது. திருவிதாங்கூர் திவான், புதுக்கோட்டை திவான் என்று பதவிப் பெயராக ஒருமுறையும், கூடத்தில் கிடக்கும் திவான் கட்டிலாக மறுமுறையும் தமிழ் அதை வாங்கிக்கொண்டது. சோபாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பெயரான 'கவுச்' என்பதோ, படுத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் பேச்சில் சோபாவுக்குச் 'செற்றி' என்ற சொல் வழங்குகிறது.

உட்காரும் சோபாவுக்கும் படுக்கும் கவுச்சுக்கும் உள்ள இந்த வேறுபாடு, வாங்கும்போது பயன்படும். எங்கள் வீட்டுக்குச் சோபா செய்யச் சொல்லப் போனபோது, மரம், துணி, நிறம் எதையும் பேசுவதற்கு முன் அந்தத் தச்சர் கேட்ட முதல் கேள்வி, "உட்காரவாங்க, படுக்கவாங்க?" என்பதுதான். நிமிர்ந்து உட்காரும் வீட்டுக்கு 20 முதல் 22 அங்குல ஆழம் போதும். காலை மடக்கி ஏற்றிச் சாய்ந்துகொள்பவர்களுக்கு 24 அங்குலமாவது வேண்டும். முதுகு சாய்மானத்தில் படிய அமர்ந்தபின், முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் ஆழம் சரியென்று அவர் உட்காரவைத்தே காட்டினார். மூட்டுவலி உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் இருக்கையின் உயரம் 17, 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தாழ்வான சோபா பார்வைக்கு எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொல்லும் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பதையும் பலர் கடினத்தன்மை என்று தவறாக எண்ணுகின்றனர். அது அடர்த்தி, ஒரு கன மீட்டர் நுரையின் எடை இத்தனை கிலோ என்பதே அதன் பொருள். அடர்த்தி மிகுந்த நுரை மென்மையாகவும் இருக்கலாம். அது எளிதில் குழி விழாது என்பதே அதன் சிறப்பு.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சொற்பிறப்பின்படி மிக நெருங்கியது திண்ணைதான் என்றாலும், நகர்த்த முடியாத ஒன்றின் பெயரை நகர்த்தத்தக்க பொருளுக்கு வைத்தால் குழப்பமே மிஞ்சும். 'சாய்வு நாற்காலி' என்றால், கித்தான் துணி கட்டிய, தாத்தாக்களுக்கு உரிய அந்த நாற்காலி ஏற்கெனவே நினைவில் அமர்ந்திருக்கிறது. 'நீளிருக்கை' பேருந்து நிலையத்து விசிப்பலகைக்கும் பொருந்தும். அரியணை, பஞ்சணை, தலையணை ஆகியவற்றில் உள்ள 'அணை' இதற்கென்றே பிறந்தது போன்ற நல்ல பழஞ்சொல். ஆனால் தனித்து நின்றால் இன்று மேட்டூர்தான் கண்முன் வருகிறது. மெத்தை, மெத்தென்ற என்னும் சொற்களில் உள்ள மென்மையையும் உட்காருதலையும் ஒருங்கே சுட்டுவதால் 'மெத்திருக்கை' என்பதே பொருத்தமானது எனக் கருதுகிறேன். மூவர் மெத்திருக்கை, ஒருவர் மெத்திருக்கை, 'எல்' வடிவத்துக்கு மூலை மெத்திருக்கை என அது தடையின்றி விரியவும் செய்கிறது.

எழுத்தில் இதைப் பயன்படுத்தலாம். கடையில் போய்ச் சோபா என்றே கேளுங்கள். அதன் உறுப்புகளான திண்டு, சாய்மானம், உறை, சட்டம் ஆகியவற்றைக் கடையிலும் தமிழிலேயே கேட்கலாம். அந்தத் தச்சர் அப்படித்தான் பேசினார்.