பதினாறாம் நாள் முடிந்ததும் நீட்டப்படும் பத்திரம்

பாளையங்கோட்டை கோர்ட்டில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். என்னைப் பார்க்க வரும் பெண்களில் பலர் பையிலிருந்து எடுப்பது ஒரே வகைக் காகிதத்தைத்தான்: சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தின் நகல். சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வந்த ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடுக்கான்னு தம்பி சொன்னான் வக்கீலம்மா. அப்பாவுக்குப் பதினாறு முடிஞ்ச மறுவாரம். நானும் போட்டுட்டேன்."

வாழை நிற்கிற வாய்க்கால் பாசன நஞ்சை அது. தாத்தா காலத்துச் சொத்து. அதில் தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகப் பத்திரம் சொல்கிறது. அப்படி ஒரு பங்கு தனக்கு இருந்ததே அந்த அக்காவுக்குத் தெரியாது.

அந்தப் பங்கு சும்மா வந்ததில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு ஆண்பிள்ளைக்கு மட்டும்தான். தமிழ்நாடு 1989-ல் அதை மாற்றியது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களுக்கு அது கிடைக்கவில்லை. அப்புறம் 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாணமானவரோ ஆகாதவரோ, எல்லா மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. குடும்பக் கடனிலும் அதே பொறுப்பு உண்டு.

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் புலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் தனம்மா வழக்கில், 2001-லேயே இறந்துவிட்ட ஒருவரின் மகள்களுக்கும் பங்கு கொடுத்தது. இரண்டுமே இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுகள். எதைப் பின்பற்றுவது என்று கீழ்க்கோர்ட்டுகள் திணறின. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதைத் தீர்த்து வைத்தார்கள்: உரிமை மகளின் பிறப்பிலிருந்து வருகிறது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக நாங்கள் திருப்பி அனுப்பிய பெண்களை அன்று நினைத்துக்கொண்டேன்.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் அதுதான் அதிகம் பயன்படும். "அப்பா இருக்கும்போதே வாய்ப்பேச்சா பிரிச்சாச்சு" என்று அண்ணன் தம்பிகள் சொல்வார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருந்தால் அதை அசைக்க முடியாது. அதற்கு முன்பே விற்றுவிட்ட நிலமும் அப்படித்தான். ஆனால் வெறும் வாய்ப்பேச்சுப் பாகத்தைக் கோர்ட் எளிதில் ஏற்காது. அரசு ஆவணங்கள் உறுதியாக அதைக் காட்டினால் மட்டும், விதிவிலக்காக ஏற்கலாம். ஆகவே என்னிடம் வரும்போது பட்டா, வில்லங்கச் சான்று, பழைய பத்திர நகல் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. கல்யாணச் செலவைப் பாகம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பூர்வீகம் வேறு, அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் வேறு. சொந்தமாக வாங்கியதை அவர் விற்கலாம், ஒரு பிள்ளைக்கே உயில் எழுதலாம். ஒன்றும் எழுதாமல் இறந்தால்தான் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. மகனும் உயிலும் இல்லாமல் 1956-க்கு முன் இறந்த ஒருவரின் சொந்தச் சொத்தும் மகளுக்கு வரும் என்று 2022 ஜனவரியில் அருணாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதில் மகனும் மகளும் சமம். பழைய திருவிதாங்கூரில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-லேயே முடிந்துபோனது என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் தீர்ப்பானது.

சரி, கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால்? ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "பார்ப்போம், பேசுவோம்" என்று தள்ளிப்போட்டு அந்தக் கெடுவைத் தாண்டி வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

அந்த அக்கா பயந்தது பணத்துக்காக இல்லை. "கேஸ் போட்டா தம்பி பொங்கப்படி கொண்டு வருவானா?" என்றுதான் கேட்டார். என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அந்தத் தையில் தம்பி வரவில்லை. வழக்கு இப்போது சமரச மையத்துக்குப் போயிருக்கிறது. போன வாய்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வயல் யாருக்கு என்று பேச ஆரம்பித்தார்கள்.