முடியாத விளையாட்டுக்கு மாதச் சந்தா

சிறு குழுக்கள் உருவாக்கும் கணினி விளையாட்டுகளுக்குச் செலவுத் திட்டமும் வேலை அட்டவணையும் போட்டுக் கொடுப்பது என் தொழில். அவற்றில் வயதுவந்தோருக்கான, அதாவது 18+ விளையாட்டுகளும் கணிசமாக உண்டு. இவற்றுக்கு மாதாமாதம் பணம் கட்டும் ஆதரவாளர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த டெவலப்பர் ஏமாற்றுக்காரரா?" அதற்கு வெளியிலிருந்து யாராலும் பதில் சொல்ல முடியாது. இன்னொரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கலாம். இந்த விளையாட்டு முடிந்துவிட்டால் அவருடைய வருமானம் கூடுமா, குறையுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 பேர் மாதம் 5 டாலர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 டாலர், ஆண்டுக்கு 1,20,000. 2025 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேரும் படைப்பாளிகளிடம், இப்படிச் சந்தா வசூலித்துத் தரும் பேட்ரியான் தளம் 10 விழுக்காடு எடுக்கிறது. அது போக 1,08,000. பணப் பரிமாற்றக் கட்டணம், வரி எல்லாம் தனி. இப்போது விளையாட்டை முடித்து, கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடையான ஸ்டீமில் 15 டாலருக்கு விற்கிறார். ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 விழுக்காடு. கையில் நிற்பது பிரதிக்கு 10.50. பழைய ஓராண்டு வருமானத்தை எட்டவே 10,000 பிரதிகளுக்கு மேல் விற்க வேண்டும். அதிலும் விளையாட்டை மிகவும் விரும்பும் அந்த 2,000 பேர் ஏற்கெனவே பணம் கட்டி விளையாடி முடித்தவர்கள், மறுபடி வாங்கமாட்டார்கள். விளையாட்டை முடிப்பதுதான் இங்கே நட்டம். இதில் மோசடி எண்ணம் கொஞ்சமும் தேவையில்லை. நல்ல மனிதரையும் இந்தக் கணக்கு மெல்ல மெல்ல இழுக்கும்.

இந்த முறையை 18+ துறை விரும்பித் தேர்ந்தெடுத்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2009-ல் தொடங்கிய, பலரிடம் கூட்டு நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத் தொகை எட்டினால்தான் பணம் கைக்கு வரும், எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. எவ்வளவு பணம், எதற்காக, பொருள் எப்போது கையில் கிடைக்கும் என்று முதலிலேயே எழுதியாக வேண்டும். ஆனால் ஆபாசப் படைப்புகளை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. காட்சிகளை மென்மையாக்கிய சில காட்சி நாவல்கள், அதாவது படங்களோடு கதை படிக்கும் விளையாட்டுகள், நுழைந்தன, அவ்வளவுதான். மற்றவர்களில் பெரும்பாலோர் 2013-ல் வந்த பேட்ரியானுக்குப் போனார்கள். அங்கே எட்டியே ஆக வேண்டிய இலக்கும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. படைப்பு வெளியாகும்போது மட்டும் வசூலிக்கும் வழி அங்கே இருந்தது. இந்தத் துறையில் நான் பார்த்தவர்களில் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகச் சிலர்.

பேட்ரியானில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பக்கம் படைப்பாளிக்கு உரியது, ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. ஆகவே முதல் விளையாட்டு பாதியில் நிற்கும்போது இரண்டாவதைத் தொடங்கினால், விதிப்படி எந்தத் தவறும் இல்லை. நீங்கள் ஆதரித்தது அந்த ஆளைத்தான். ஆதரவாளர் மனத்தில் இருப்பதோ முன்பதிவு செய்த பொருள். வாக்குவாதங்களில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

தாமதம் எங்கிருந்து வருகிறது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். உண்மையான தாமதமும் பொய்யான தாமதமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

முதல் காரணம் கிளைகள். 18+ விளையாட்டுகளில் பெரும்பாலானவை தேர்வுகளால் பிரியும் கதைகள். மூன்று இடங்களில் இரண்டு இரண்டு தேர்வு வைத்து எதையும் ஒன்றாக்காமல் விட்டால் எட்டுப் பாதைகள். பத்து இடங்கள் என்றால் 1,024. அனுபவமுள்ள எழுத்தாளர் பாதைகளை அடிக்கடி மறுபடி இணைத்துவிடுவார். புதியவர், "உங்கள் தேர்வு எல்லாமே முக்கியம்" என்று அறிவிப்புப் பக்கத்தில் எழுதிவிட்டு இரண்டாம் ஆண்டில் மாட்டிக்கொள்வார். ஒரு அப்டேட்டுக்கு மூன்று மாதம் வேலை செய்திருப்பார். விளையாடுபவர் ஒரு பாதையில் மட்டும் போய் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

இரண்டாவது, பழைய படங்கள். டாஸ் ஸ்டூடியோ போன்ற மென்பொருளில் ரெண்டர் செய்பவருக்கு, அதாவது முப்பரிமாண மாதிரிகளை வைத்துப் படம் உருவாக்குபவருக்கு, ஓராண்டில் கை நன்றாகப் பழகிவிடும். பழகியதும் முதல் அத்தியாயத்தின் படங்கள் அவருக்கே கண்ணை உறுத்தும். உடனே ரீமேக் அறிவிப்பு. என் அனுபவத்தில் ஒரு திட்டத்தின் உயிர் போகும் இடம் பெரும்பாலும் இதுதான். புதிய கதை நிற்கும், ஆதரவாளர் ஏற்கெனவே பார்த்த காட்சிக்கே மறுபடி பணம் கட்டுவார், அது முடிவதற்குள் இரண்டாம் அத்தியாயம் பழையதாகத் தெரியத் தொடங்கும். அசையாப் படங்களிலிருந்து நேரடி முப்பரிமாணத்துக்கு மாறும் முடிவு இதைவிட மோசம். ரெண்டர் செய்த படங்களைப் பயன்படுத்த டாஸின் சாதாரண உரிமம் போதும். மாதிரிகளையே விளையாட்டுக்குள் வைத்து வெளியிட ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். அந்தச் செலவை அறிவிப்பில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்புறம் பதிப்பு எண். 0.1, 0.2 என்று ஒழுங்காக ஏறிய எண் 0.8-க்கு மேல் 0.8.5, 0.8.6, 0.8.6ஆ என்று தவழ ஆரம்பித்தால், டெவலப்பருக்கே முடிவு எங்கே என்று தெரியவில்லை அல்லது தெரிந்தும் அங்கே போக மனமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முழுப் பதிப்பான 1.0-ல் என்னென்ன இருக்கும் என்று எழுதி வைத்தவருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

முன்னேற்றத்தை விழுக்காட்டில் சொல்வதை நான் நம்புவதில்லை. "அடுத்த அப்டேட் 70% தயார்" என்பது எதை அளந்த எண்? இந்தப் பிரிவில் பெரும்பாலானோர் விளையாட்டு உருவாக்கப் பயன்படுத்தும் ரென்பை என்ற மென்பொருளிலேயே ஸ்கிரிப்டைச் சோதிக்கும் லின்ட் என்ற வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டில் மொத்தம் எத்தனை உரையாடல்கள், எத்தனை சொற்கள் என்று எண்ணிக் கொடுத்துவிடும். அந்த வரியை மாதம் ஒருமுறை அப்படியே ஒட்டினால் போதும். போன மாத எண், இந்த மாத எண், கூடவே முடிந்த ரெண்டர்களின் எண்ணிக்கை. ஐந்து நிமிட வேலை. நான் வேலை செய்யும் குழுக்களிடம் இதை முதல் நிபந்தனையாக வைக்கிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. எண் ஏறாத மாதங்களும் வரும். அந்த மாதம் ஏன் ஏறவில்லை என்று ஒரு வரி எழுதினால் ஆதரவாளர்கள் வியக்கத்தக்க பொறுமையோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

கொஞ்ச தூரம் வரும். 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் 810 பேரிடம் 25,146 டாலர் திரட்டிவிட்டு, சீட்டுக்கட்டை அனுப்பாத ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2014-ல் வழக்குப் போட்டார். 2015-ல் 54,851 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தத் தொகையில் பெரும்பகுதி அபராதமும் வழக்குச் செலவும்தான். அதே 2015-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையமான எஃப்டிசி, கூட்டு நிதி தொடர்பான தன் முதல் வழக்கை முடித்தது. ஒரு பலகை விளையாட்டுக்காக 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அதில் பெரும்பகுதி வீட்டு வாடகைக்கும் வேறு ஊருக்குக் குடிபெயர்வதற்கும் இன்னொரு திட்டத்துக்கும் போனது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 1,11,793 டாலர் கட்ட உத்தரவாயிற்று. கட்ட வசதியில்லை என்பதால் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்த இரண்டு வழக்குகளிலும் குறிப்பிட்ட ஒரு பொருளைத் தருவதாக எழுத்தில் வாக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள். "என் வேலையை ஆதரியுங்கள்" என்ற மாதச் சந்தாவில் அப்படி எதுவும் இருப்பதில்லை. வாக்கு இருந்தாலும்கூட எல்லோரும் காப்பாற்றுவதில்லை. 2015-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் நடத்திய ஆய்வில், நிதி பெற்ற கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் 9 விழுக்காடு வாக்களித்ததைத் தரவில்லை என்று தெரிந்தது.

18+ துறையில் இதற்கு மேல் இரண்டு தடைகள். டெவலப்பர் புனைபெயரில் இருக்கிறார். ஆதரவாளர் வெளியே பேசக் கூச்சப்படுகிறார். புனைபெயரை நான் குறையாகப் பார்க்கவில்லை. பகல் நேர வேலை, குடும்பம், மிரட்டல் என்று அதற்கு நியாயமான காரணங்கள் ஏராளம். பணம் பெறுபவரின் உண்மை அடையாளமும் வரி விவரமும் தளத்திடம் எப்படியும் இருக்கின்றன. கூச்சம்தான் பெரிய சிக்கல். புத்தகமோ சட்டையோ வராவிட்டால் வங்கிக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பவர், இங்கே வாயே திறக்கமாட்டார். வாங்கிய பொருளின் பெயரை இன்னொரு மனிதரிடம் உரக்கச் சொல்ல வேண்டுமே என்ற தயக்கம். ஏமாற்ற நினைப்பவர் இந்த அமைதியை நம்பித்தான் இறங்குகிறார். நீங்கள் செய்தது சட்டப்படியான ஒரு கட்டணம். புகாரில் "டிஜிட்டல் பொருள், வாக்களித்தபடி வரவில்லை" என்று எழுதினால் போதும். காட்சிகளை விவரிக்க வேண்டியதில்லை.

அட்டை வழியாகக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் கால அவகாசம் பொதுவாக 120 நாள் அளவில் இருக்கும். மூன்று ஆண்டுகளாகக் கட்டியதை ஒரே நாளில் திரும்பப் பெற முடியாது. அதே நேரம், வெறும் தாமதத்துக்காகக் கோபத்தில் இதைச் செய்யாதீர்கள். இப்படிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்கள் கூடினால் டெவலப்பரின் கணக்கே மூடப்படலாம், மற்ற ஆதரவாளர்களின் விளையாட்டும் அதோடு போய்விடும்.

அவர் கையில் இல்லாத ஆபத்துகள்

டெவலப்பரைத் திட்டுவதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரில் பேட்ரியான் 18+ விதிகளை இறுக்கியபோது பலர் கதையையே மாற்றி எழுதினார்கள். 2018 டிசம்பரில் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால், பேட்ரியான் போன்ற இன்னொரு சந்தாத் தளமான சப்ஸ்கிரைப்ஸ்டாருக்கான சேவையை நிறுத்தியது. 2025 ஜூலையில் ஸ்டீம், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கத்துக்கு இடமில்லை என்று புதிய விதி சேர்த்துப் பல விளையாட்டுகளை நீக்கியது. அதே மாதம், சிறு குழுக்களின் விளையாட்டுகளை விற்கும் தளமான இட்ச் டாட் ஐஓ, 18+ படைப்புகள் எல்லாவற்றையும் தேடலிலிருந்து மறைத்தது. முன்னறிவிப்பே இல்லை. நேற்றுவரை விற்ற விளையாட்டு இன்று தேடினால் கிடைக்காது.

ஆகவே பொறுப்புள்ள டெவலப்பர் என்பதற்கு எனக்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு: இரண்டாவது தளத்தில் பக்கம் தயாராக இருக்க வேண்டும், ஆதரவாளர்களைத் தளத்துக்கு வெளியே தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும், சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். வரும் பணம் முழுவதையும் அந்தந்த மாதமே செலவழிப்பவரின் திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. பாத்திரங்கள் அனைவரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வயதுவந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. அந்த எல்லையை உரசிப் பார்க்கும் டெவலப்பர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து குழுவுக்குள்ளேயே இருக்கிறது. பிரீடிங் சீசன் என்ற விளையாட்டு பேட்ரியானில் மாதந்தோறும் பெரிய தொகை ஈட்டிவந்தது. 2016-ல் அதன் ஓவியர் விலகினார். படங்கள் இல்லாமல் தொடர முடியாது என்று விளையாட்டே கைவிடப்பட்டது. ஆதரவாளர்கள் அதுவரை மாதாமாதம் பணம் கொடுத்திருந்தார்கள். எழுத்து, படம், நிரல், இசை ஒவ்வொன்றின் உரிமையும் யாரிடம், ஒருவர் போனால் மற்றவர் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று ஒரு பக்க ஒப்பந்தம் முதல் டாலர் வருவதற்கு முன்பே வேண்டும். நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் குழுக்கள்தான் இதை அதிகம் தள்ளிப்போடுகின்றன. ஆதரவாளரும் இதைக் கேட்கலாம், கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

சரி, பணம் கட்டுவதா வேண்டாமா? நான் பார்ப்பது, வேலை செய்யாத மாதத்தில் என்ன நடந்தது என்பதை. நோயோ, வீட்டில் சிக்கலோ வந்தபோது அந்த மாத வசூலை நிறுத்தி வைத்தாரா? பேட்ரியானில் அதற்கு வசதி இருக்கிறது. ஒருமுறையாவது நிறுத்தியவர் மீது எனக்குத் தனி மரியாதை. ஸ்டீம் முன்னணுகலில், அதாவது முழுமையடையும் முன்பே விற்கப்படும் பிரிவில், இருக்கும் விளையாட்டு என்றால், 12 மாதத்துக்கு மேல் அப்டேட் வராதவற்றில் 2025 பிப்ரவரியிலிருந்து ஸ்டீமே எச்சரிக்கை காட்டுகிறது. அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் சந்தாவை நிறுத்திவிட்டு முழு விளையாட்டு வந்தபின் திரும்பி வாருங்கள். இதுவரை கட்டியதற்காகவே தொடர்ந்து கட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; சந்தா பங்கு முதலீடு அல்ல, இடையில் விட்டதால் எந்தப் பங்கும் பறிபோகப்போவதில்லை.

டெவலப்பர்களுக்கு ஒன்று. தொடர முடியாது என்று முடிவெடுத்தால், முதலில் வசூலை நிறுத்துங்கள், அறிவிப்பை அதற்குப் பிறகு எழுதுங்கள். கடைசியாக ஓடும் பதிப்பை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். எழுதாத அத்தியாயங்களின் கதைச் சுருக்கத்தை நாலு பக்கத்தில் போடுங்கள். வந்த பணம் எவ்வளவு, எதற்குப் போனது என்ற கணக்கையும் சேர்த்து விடுங்கள். இப்படி மூடிய ஒருவர் புதிய விளையாட்டுக்குப் பக்கம் திறந்தபோது பழைய ஆதரவாளர்கள் மறுபடி வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மௌனமாகக் காணாமல் போனவர்கள் வேறு புனைபெயரில் திரும்பி வருவார்கள். ரெண்டரின் கைவண்ணத்தை வைத்து ரசிகர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.