முதல் போட்டிக்குப் போய் எடையைக் குறைக்காதீர்கள்

சனிக்கிழமை மாலை ஒரு தம்பியைக் கைத்தாங்கலாக என்னிடம் கூட்டி வந்தார்கள். வயது 19. அன்று காலைதான் மாவட்ட அளவிலான வலுதூக்கும் போட்டியில் முதன்முறையாக மேடை ஏறியிருக்கிறான். தொடை கல்லாக இறுகிக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது. எடை பார்ப்பதற்கு முன் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்று கேட்டேன். "வியாழக்கிழமை ராத்திரி, மேடம்."

77.5 கிலோ இருந்தவனை 74 கிலோ பிரிவில் இறக்குவதற்காக, ரெயின்கோட் மாட்டி மே மாத வெயிலில் ஓடவிட்டிருக்கிறார் அவனுடைய மாஸ்டர். எடை 73.8 வந்துவிட்டது. அப்புறம் ஸ்குவாட்டில் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 150 கிலோவை மூன்று முறை முயன்றும் எழ முடியவில்லை. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றிலும் தூக்கியதைக் கூட்டித்தான் முடிவு; ஒன்றில் மூன்று முயற்சியும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது. ஆறு மாத உழைப்பு அதோடு போயிற்று. அவனை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். இந்த ஆண்டு இப்படி என்னிடம் வந்தவர்களில் இவன் மூன்றாவது.

'கீழ்ப் பிரிவில் இறங்கினால் ஜெயிப்பது சுலபம்.' இதை யார்தான் கிளப்பிவிட்டார்களோ! இரண்டு நாளில் குறைகிற மூன்றரை கிலோ கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர். தசைக்கு வேலை செய்யத் தேவையான அதே தண்ணீர். குத்துச்சண்டை வீரர்கள் செய்கிறார்களே என்று வீடியோவைக் காட்டுகிறார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் பொதுவாக முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள், தேறிக்கொள்ள ஓர் இரவு கிடைக்கும். சர்வதேச வலுதூக்குதல் விதிப்படி எடை பார்ப்பது தொடங்குவதே போட்டிக்கு 2 மணி நேரம் முன்புதான். அதற்குள் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வயிறுதான் உப்பும். 74-க்கு மேல் அடுத்த பிரிவு 83. 77 கிலோவோடு அதில் நில்லுங்கள். ஒரு பதக்கம் போகலாம், போகட்டும். முதல் போட்டியில் நீங்கள் அங்கே கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள்.

ரெயின்கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் வியர்வை வெளியேறாத உடையில், சூட்டில் உடற்பயிற்சி செய்து எடை குறைக்கப்போய் இறந்தார்கள். மூன்றும் ஐந்து வாரத்துக்குள் நடந்தவை. சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரையைக் கையில் கொடுக்கிற மாஸ்டர்களும் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. மாட்டினால் தடை முதலில் உங்கள் மேல்தான் விழும்.

எடையைக் குறைக்கச் செலவழிக்கும் கவலையில் பாதியை நடுவர் கட்டளைகளுக்குக் கொடுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்துத் தூக்குவது) "ஸ்டார்ட்", "பிரஸ்", "ரேக்" என்று மூன்று கட்டளைகள் உண்டு. கம்பி நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் "பிரஸ்" வரும், அதுவரை பொறுக்க வேண்டும். டெட்லிஃப்ட்டில் (தரையிலிருந்து தூக்குவது) "டவுன்" கேட்கும் முன் கம்பியை இறக்கினால் சிவப்பு விளக்குதான், அந்த முயற்சி செல்லாது. ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே போகவேண்டும். ஜிம்மில் நண்பர்கள் 'சூப்பர்' என்று சொல்கிற ஆழம் பெரும்பாலும் போதாது. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள்.

முதல் முயற்சிக்கு, சரியாகத் தூங்காத நாளிலும் மூன்று தடவை எடுக்க முடிகிற எடையைக் கொடுங்கள். தவறினால் எடையைக் குறைக்க விதி இடம் கொடுக்காது. அதையே திரும்ப எடுக்கலாம் அல்லது கூட்டலாம், அவ்வளவுதான். அந்தத் தம்பி 150-லேயே மாட்டிக்கொண்டது இதனால்தான். புது ஷூ, புது பெல்ட் எதையும் அன்றைக்குத் தொடங்காதீர்கள். எடை பார்த்ததும் சாப்பிட இட்லியும் உப்புப் போட்ட மோரும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போட்டிக்கு முந்தின நாள் பிள்ளை தண்ணீரைத் தொடாமல் இருந்தால் கண்டும் காணாமல் விடாதீர்கள். தலைசுற்றல், படபடப்பு, பேச்சில் குழப்பம், காலையிலிருந்து சிறுநீரே போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் போட்டி அரங்குக்கு வேண்டாம், என்னிடமும் வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.