பறவையியல்: சொல் விளக்கம்

மார்கழி விடியலில் அண்ணன் மகனோடு கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்துக் கரையில் நின்றிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். பார்த்த பறவைகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவன், தலைப்புப் போடும் இடத்தில் நின்றுவிட்டான். "டீச்சர் ஆர்னித்தாலஜின்னு சொன்னாங்க. தமிழ்ல என்ன எழுதணும் சித்தப்பா?"

"பறவையியல்னு எழுது மக்கா" என்றேன்.

ஆர்னித்தாலஜி கிரேக்க வேரிலிருந்து வந்தது. ஓர்னிஸ் என்றால் பறவை, லோகோஸ் என்றால் சொல் அல்லது அறிவு. பறவைகளின் உடலமைப்பு, இனம், கூடு, குரல், வலசை எல்லாம் இந்தத் துறைக்குள் அடங்கும்.

தமிழ்ச் சொல்லைப் பிரித்தால் பறவை, இயல். 'பற' என்ற வினையில் பிறந்தது பறவை. தன்மை என்பது இயலின் பொருள். தொல்காப்பியத்தின் கடைசிப் பகுதிக்கே மரபியல் என்றுதான் பெயர். 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை' என்று பறவைக் குஞ்சுகளுக்கு வழங்கும் பெயர்களைச் சொல்லும் இடமும் அதுவே. கிளிப்பிள்ளை என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தப் பிள்ளைதான்.

பறவைக்கு இன்னொரு பழைய பெயர் புள். 'குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே' என்ற குறளில் புள்ளும் பறத்தலும் ஒட்டியே நிற்கின்றன. நாங்கள் கரையில் நின்ற நேரம் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. 'புள்ளும் சிலம்பின காண்' வந்தபோது குளத்திலும் நிஜமாகவே சத்தம்தான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் தெரிந்தவர்களுக்குப் புள்ளு என்ற சொல் பழக்கமாக இருக்கும். மலையாளத்தில் அது வல்லூறு வகைப் பெயர்களில் தங்கிவிட்டது: விறயன் புள்ளு, காயல் புள்ளு.

அப்படியானால் புள்ளியல் என்றே வைக்கலாமே? எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் புள்ளிவிவரத் துறையான புள்ளியியலையே பலர் புள்ளியல் என்று எழுதுகிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். பறவையியல் என்றால் சின்னப் பிள்ளைக்கும் உடனே புரியும். அதுதான் சரி.

பறவையியலாளர் என்பதற்குப் பொருள் கேட்டால் நான் சலீம் அலியைக் காட்டுவேன். 1896இல் மும்பையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்டதில் தொடங்கியது எல்லாம். பெரிய பட்டம் இல்லாததால் அரசு வேலை கிடைக்கவில்லை. பெர்லினுக்குப் போய் ஜெர்மன் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

1930இல் மகாராஷ்டிரக் கடலோரத்துக் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளை நாள்கணக்கில் பார்த்துக் குறித்தார். நம் ஊர்ப் பனைகளில் தொங்குகிறதே, அதே கூடுதான். கட்டுவது ஆண். பாதி கட்டியதும் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால் குடியேறும். அப்புறம்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடும்; அந்தக் கூட்டுக்கு வேறொரு பெண் வரும். கூட்டைப் பார்த்து ரசிப்பவர் பறவை நோக்கர். எந்தக் குருவி, எந்த நாளில், எந்தக் கூட்டில் என்று விடாமல் எழுதி இந்த ஒழுங்கைக் கண்டுபிடிப்பவர் பறவையியலாளர்.

1933இல் அவர் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆய்வு செய்தார். நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல். பிறகு அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து துணைக்கண்டப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1976இல் பத்ம விபூஷண் பெற்றார். 1987இல் காலமானார். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் அவர் பெயரிலேயே ஒரு பறவையியல் ஆய்வு மையம் இருக்கிறது. நாங்கள் நின்ற குளமும் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது.

பையன் தலைப்பை எழுதி அடிக்கோடு போட்டான். கீழே முதல் வரியில் 'நாரை, 2' என்று இருந்தது. எங்கே, எத்தனை மணிக்கு என்பதையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.