மரவள்ளிக் கிழங்கில் விஷத்தை விரட்டுவது எது?

நம் மொரிஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மரவள்ளிக் கறியில் இஞ்சி சேர்த்தால் விஷமாகிவிடும் என்று என் மாமியார் பாத்திரத்தைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். அது உண்மையா?"

இஞ்சி இருக்கட்டும், முதலில் கிழங்கைப் பார்ப்போம். மரவள்ளியில் சயனைடு உண்டு என்று பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் முழுக் கிழங்கில் அது சயனைடாக இருப்பதில்லை. லினமரின் என்ற சேர்மமாக, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியும் அதே கிழங்கில் இருக்கிறது, அதன் பெயர் லினமரேஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் தொட்டுக்கொள்வதில்லை. லினமரின் செல்லுக்குள் ஒரு நீர்ப்பையில் அடைபட்டிருக்கிறது. லினமரேஸ் செல்சுவரில் இருக்கிறது.

தாம்பூலத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கு ஒரு பக்கம், சுண்ணாம்புச் சிமிழ் ஒரு பக்கம். நாள் முழுக்க வைத்திருந்தாலும் தட்டு சிவக்காது. வாயில் போட்டு மென்றால்தான் சிவக்கும். மரவள்ளியும் அப்படித்தான். எலியோ பன்றியோ கடித்ததும் செல்கள் நசுங்குகின்றன, நொதி லினமரினைப் பிடித்துக் குளுக்கோஸைக் கழற்றுகிறது, மிச்சமிருக்கும் துண்டு உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியே வருகிறது. கடித்தவனுக்கு மட்டும் தண்டனை. நகரவே முடியாத ஒரு செடிக்கு இதைவிடச் சிக்கனமான காவல் இருக்க முடியுமா?

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை வெறும் 26 டிகிரி செல்சியஸ். நம் ஊர்ச் சமையலறைச் சூட்டிலேயே அது காற்றோடு போய்விடும். ஆக, விஷம் வெளியே வந்துவிட்டால் கவலை இல்லை, லினமரினாகக் கிழங்குக்குள்ளேயே தங்கிவிட்டால்தான் ஆபத்து. லினமரின் கொதிநீரின் சூட்டுக்கெல்லாம் சிதையாது. நொதியோ புரதம், நல்ல சூடு பட்டால் செத்துப்போகும். பெரிய துண்டுகளாக வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது? விரட்ட வேண்டிய நொதியைக் கொன்றுவிட்டு, விஷத்தின் மூலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்கிறோம். துருவினாலோ நசுக்கினாலோ செடியே தன் விஷத்தைத் தானே வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலையில் அடுப்பை விடத் துருவலுக்குத்தான் பங்கு அதிகம்.

நம் தீவின் மாயேபூரில் 1870 முதல் மரவள்ளி பிஸ்கட் சுட்டு வருகிறார்கள். துருவி, பிழிந்து, உலர்த்தி, சலித்த பிறகுதான் மாவு சூட்டுத் தட்டுக்கே போகிறது. லினமரேஸ் என்ற பெயரைக் கேள்விப்படாமலே தென் அமெரிக்கப் பழங்குடிகள் கண்டுபிடித்த வரிசை அது. தலைவணங்க வேண்டிய அறிவு என்பேன்.

இந்தத் தீவில் மரவள்ளியைப் பரப்பியவர் 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொன்னே. புதுச்சேரியிலிருந்து நம் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்த அதே ஆள். அடிமைகளின் உணவுக்காக ஒவ்வொரு தோட்டக்காரரும் கட்டாயம் இதை நட வேண்டும் என்றார். தோட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். சிலர் செடிகளுக்கு வெந்நீர் ஊற்றிப் பட்டுப்போக வைத்தார்களாம். அப்புறம் 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, தீவின் வயிற்றை நிரப்பியதில் இந்தக் கிழங்குக்கும் பங்கு உண்டு. என் பாட்டி "சண்டைக் காலத்துச் சோறு" என்று இதைத்தான் சொல்வார்.

சத்து என்று பார்த்தால் பெரும்பாலும் மாவுச்சத்து, கொஞ்சம் வைட்டமின் சி, பொட்டாசியம். புரதம் நூறு கிராமில் ஒன்றரை கிராம்கூட இல்லை. இந்தக் குறைக்கும் விஷத்துக்கும் தொடர்பு உண்டு. உடம்புக்குள் சிறிதளவு சயனைடு போனால், ரொடனீஸ் என்ற நொதி அதோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் வருவது பருப்பு, மீன், முட்டையில் உள்ள புரதத்திலிருந்து. நம் கட்‌கட் மானியோக் என்ற மரவள்ளிக் குழம்பில் உப்பு மீன் போடுவது ருசிக்காக மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றும்.

புரதமே கிடைக்காதவர்கள் விஷம் அதிகமுள்ள கசப்பு வகை மரவள்ளியை அவசரமாகச் சமைத்துத் தின்றால் என்ன ஆகும் என்பதை மொசாம்பிக் 1981இல் பார்த்தது. வறட்சியில் வேறு உணவு இல்லை. நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கின. பாதிக்கப்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கொன்சோ என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுக்கத்தான் முடியும். ஆஸ்திரேலிய வேதியியலாளர் ஹோவர்ட் பிராட்பரியின் குழு கண்ட வழி இது: மாவை நீரில் பிசைந்து மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரம் விட்டுவிடுவது. உயிரோடு மிச்சமிருக்கும் நொதி வேலையை முடித்துவிடும். இயந்திரம் வேண்டாம், காப்புரிமை வேண்டாம், விற்பதற்கும் ஒன்றும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறேன். 1953இல் கரும்புக்கென்று ஆராய்ச்சி நிலையம் கண்ட நாடு நம்முடையது. கரும்புக்குக் கிடைத்த அக்கறையில் ஒரு பங்காவது ஏழைகளின் கிழங்குக்கும் கிடைக்க வேண்டும்.

சரி, வாசகியின் சமையலறைக்கு வருவோம். கறிக்கு விற்கும் இனிப்பு வகையில் விஷம் குறைவு, தோலில் அதிகம். பழுப்புத் தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தடித்த பட்டை இருக்கும். கத்தியால் நீளவாக்கில் கீறி விரலை நுழைத்தால் துணி உரிவது போல வந்துவிடும், அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். நொதிக்கு நேரம் கிடைக்கும். மூடி போடாமல், நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், கரைந்த லினமரின் அதோடு போகும். கிழங்கு கசந்தால் சாப்பிட வேண்டாம்.

இஞ்சியா? ஒரு கிழங்கிலிருந்து எவ்வளவு சயனைடு வரும் என்பதை அதிலிருக்கும் லினமரின் அளவுதான் தீர்மானிக்கிறது. இஞ்சியில் லினமரின் இல்லை, அதனால் கூட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. மாமியாரிடம் வாதாட வேண்டாம். தண்ணீரை வடித்துக் கொட்டியதைக் காட்டிவிட்டு, அப்புறம் இஞ்சியைத் தட்டிப் போடுங்கள்.