சிறுகோள் பென்னுவில் உப்பு எப்படி வந்தது?

பினாங்கில் சமைக்கிற எவருக்கும் தெரியும், மழைக்காலத்தில் உப்பு ஜாடியை இரண்டு நாள் சரியாக மூடாமல் விட்டால் முதலில் கட்டி தட்டும், அப்புறம் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில் அம்மா இன்றைக்கும் உப்போடு கொஞ்சம் அரிசியைப் போட்டுத்தான் வைக்கிறார். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும், நம் தீவில் ராத்திரி நேரத்தில் அந்த அளவு சர்வசாதாரணம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 450 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியக் குடும்பத்தில் இருந்த தண்ணீரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான தடயங்களில் ஒன்று இந்த மாதிரி உப்புதான். லேசான ஈரக்காற்றே அதை அழித்துவிடும் என்பதால்தான் இத்தனை காலம் அது முழுசாக நம் கைக்கு வரவில்லை.

நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2016 செப்டம்பரில் புறப்பட்டு 2018 டிசம்பரில் பென்னு என்ற சிறுகோளை அடைந்தது. பென்னு சுமார் 500 மீட்டர் அகலம், பினாங்கின் உயரமான கொம்தார் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. 2020 அக்டோபர் 20 அன்று கலம் தன் கையை நீட்டி நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி மண்ணைக் கிளப்பி எடுத்தது. தரை கெட்டியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் கை அரை மீட்டர் உள்ளே புதைந்துபோனது, அவ்வளவு தளர்வான கல் குவியல் அது. 60 கிராம் கிடைத்தால் போதும் என்று போனவர்களுக்கு மூடிகூடச் சரியாக மூடாத அளவுக்குக் கல் அள்ளிக்கொண்டது. இடுக்கு வழியே துகள்கள் கசிவதைப் படத்தில் பார்த்ததும் அவசரமாக உள்ளே வைத்துப் பூட்டினார்கள். 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் பேழை வந்து இறங்கியது. மொத்தம் 121.6 கிராம்.

வந்ததும் எடுத்துப் பிரித்துவிடவில்லை. ஹூஸ்டனில் நைட்ரஜன் நிரப்பிய, கையுறை பொருத்திய பெட்டிக்குள் வைத்துத்தான் வேலை. கலனில் இருந்த 35 திருகுகளில் இரண்டு அசையவே இல்லை. நம் வீட்டில் என்றால் ஒரு தட்டு தட்டியிருப்போம். அவர்கள் அந்தப் பெட்டிக்குள் கொண்டுபோகத் தக்க புதுக் கருவிகளையே செய்து, 2024 ஜனவரியில்தான் அதைத் திறந்தார்கள். சில மாதம் தாமதமானாலும் பரவாயில்லை, நம் காற்று மட்டும் பட்டுவிடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்தது.

2025 ஜனவரியில் முடிவுகள் வெளிவந்தன. உப்புத் தண்ணீர் வற்றும்போது உருவாகும் 11 கனிமங்கள் அந்த மண்ணில் இருந்தன. சுண்ணாம்பு வகை, பாஸ்பேட் வகை, நாம் சாப்பிடுகிற சோற்றுப்பு, பொட்டாசியம் குளோரைடு, அப்புறம் ட்ரோனா. ட்ரோனா என்பது சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் ஒரே படிகத்தில் தண்ணீரோடு கோத்த மாதிரியான உப்பு. தமிழ்நாட்டில் முன்பு துணி வெளுக்க அள்ளிய உவர்மண்ணில் இருப்பதும் இந்தச் சோடா இனம்தான். பூமிக்கு வெளியிலிருந்து வந்த ஒரு கல்லில் ட்ரோனாவைக் கண்டது இதுவே முதல் தடவை.

தண்ணீர் வற்றியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதை வீட்டிலேயே பார்க்கலாம். எங்கள் தீவின் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையிலிருந்து கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து பீங்கான் தட்டில் ஊற்றி வெயில் படும் ஜன்னலோரம் வைத்தேன். சில நாளில் ஓரத்தில் மங்கலான, மாவு பூசிய மாதிரி ஒரு வளையம், அதற்கு உள்ளே ஊசி ஊசியாக ஏதோ. தண்ணீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான் சதுரம் சதுரமாக உப்புப் படிகங்கள் வந்தன, நடுவில் குழி விழுந்து படிக்கட்டு மாதிரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் நடுவே கசப்பான ஒரு பிசுபிசுப்பு தங்கியது, அது காயவே இல்லை. காரணம் எளிது. தண்ணீரில் எது குறைவாகக் கரையுமோ அது முதலில் படியும், நன்றாகக் கரைவது கடைசிவரை தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு முதலில், ஜிப்சம் அடுத்து, சோற்றுப்பு பிறகு, மக்னீசிய உப்புகள் கடைசியில்.

பென்னுவிலும் இப்படி ஒரு வரிசை எழுதியிருக்கிறது. கால்சியம், மக்னீசியம் சேர்ந்தவை முதலில் படிந்திருக்கின்றன, ட்ரோனா போன்ற சோடியம் கார்பனேட்டுகள் பின்னால், சோற்றுப்பு போன்ற குளோரைடுகள் கடைசிப் பக்கம். தண்ணீர் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் செறிந்து செறிந்து போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, இத்தனை சின்னக் கல்லில் ஏது தண்ணீர்? பென்னுவில் இல்லை, பென்னுவின் தாய்க்கோளில். சூரியனிலிருந்து தள்ளிக் குளிரான இடத்தில் பனியும் தூசியும் சேர்ந்து உருவான பெரிய உடல் அது. அதற்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணுக்கள் சிதைந்து வெப்பத்தைக் கொடுத்தன. சுமார் 7 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் அணு என்பதால் அந்த அடுப்பு கொஞ்ச காலம்தான் எரியும். எரிந்தவரை பனி உருகி, பாறை இடுக்குகளில் தண்ணீர் தேங்கி, பாறையைக் களிமண்ணாக்கி, சோடியத்தையும் பாஸ்பேட்டையும் உருவி எடுத்துக்கொண்டது. அம்மோனியாவும் ஏராளம் இருந்ததால் நல்ல குளிரிலும் அந்தத் தண்ணீர் உறையாமல் இருந்திருக்கும். பிற்காலத்தில் ஏதோ ஒரு மோதலில் தாய்க்கோள் சிதற, சிதறியதில் கொஞ்சம் திரும்பக் கூடி பென்னு ஆனது.

இதே வகைக் கற்கள் பூமியில் விழுந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். விழுந்திருக்கின்றன. 1864இல் பிரான்சில் ஓர்கேய் என்ற ஊரில் விழுந்த கல்லில் வெள்ளை உப்பு நரம்புகள் இருந்தன. அவை விண்வெளியில் உண்டானவை என்றே வெகுகாலம் நம்பினார்கள். பிறகு பார்த்தால், பூமிக்கு வந்தபின் காற்றின் ஈரம் கல்லில் இருந்த உப்பைக் கரைத்து வேறு இடத்தில் திரும்பப் படியவைத்திருக்கிறது. அம்மாவின் உப்பு ஜாடிக்கு நடப்பதேதான். ஜப்பானின் ஹயபுசா-2 கலம் ரியுகு சிறுகோளிலிருந்து 2020இல் பத்திரமாகக் கொண்டுவந்த 5.4 கிராமிலும் சோடியம் உப்புகள் கிடைத்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இவை அபூர்வமானவை அல்ல, நாம் காப்பாற்றத் தவறியவை என்றே தோன்றுகிறது.

உப்போடு நிற்கவில்லை. உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, மரபணு எழுத்துகளான ஐந்து மூலக்கூறுகளும், பிறகு 2025 டிசம்பரில் ரைபோஸ், குளுக்கோஸ் சர்க்கரைகள். உயிர் இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அமினோ அமிலத்துக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவம் உண்டு. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கையைத்தான் எடுக்கின்றன, பென்னுவிலோ இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. உயிரில்லாத வேதியியல் அப்படித்தான் செய்யும். ஆனால் தண்ணீர் வற்ற வற்ற அதில் கரைந்திருந்ததெல்லாம் நெருங்கி வந்து ஒன்றோடொன்று வினைபுரிய வாய்ப்புக் கிடைக்கிறது, இந்த ஆராய்ச்சியில் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த வற்றுகிற குட்டைதான்.

அப்படிப்பட்ட குட்டைகள் இன்னும் வற்றாமல் இருக்கலாம். சீரிஸ் என்ற குறுங்கோளின் ஒக்கேட்டர் பள்ளத்தில் நாசாவின் டான் கலம் கண்ட பளிச்சென்ற வெள்ளைத் திட்டுகள் சோடியம் கார்பனேட். சனியின் நிலா என்செலடஸ் பீய்ச்சும் பனித்துகள்களில் சோடியம் உப்புகள் உண்டு, 2023இல் பாஸ்பேட்டும் உறுதியானது. அங்கே உப்பைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீர் பனிக்கு அடியில் இன்னும் கடலாகவே கிடக்கிறது.