மியூகஸ்: சளியா, கோழையா, சீதமா?

புதுச்சேரியில் எந்த டாக்டரிடம் போனாலும் "சளி இருக்கா?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நோயை. மியூகஸ் என்பதோ நோய் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதும் மூக்கு முதல் குடல் வரை ஓயாமல் சுரக்கிற வழவழப்பு. 'சளி இரைப்பையைக் காக்கிறது' என்று எழுதினால் படிப்பவர் விழிப்பது இதனால்தான்.

மியூகஸ் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே மூக்கில் வழிவதைக் குறித்தது. பிரெஞ்சிலும் அதே சொல்தான். இங்கே பிரெஞ்சு படித்த பெரியவர்கள் அதைச் சொல்லும்போது கிட்டத்தட்ட 'மூக்கு' என்றே காதில் விழும். உடனே 'தமிழ் மூக்கிலிருந்து போனதுதான் மியூகஸ்' என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. நம் மூக்குக்குத் தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு என்று சொந்தங்கள் உண்டு; அந்தக் குடும்பம் வேறு.

மியூகஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் முக்கியமானது மியூசின் என்ற புரதம். அதன்மேல் கிளைத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் நீரைப் பிடித்து வைப்பதால்தான் அந்தக் கொழகொழப்பு. மூச்சில் வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மயிர்போல் அசையும் குற்றிழைகள் அதைத் தொண்டை வரை தள்ளிவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். புகை பிடிப்பவர்களுக்கு இந்த இழைகள் கெட்டுப்போவதால் இருமித்தான் வெளியேற்ற வேண்டும். இரைப்பையில் வேலை வேறு: அமிலம் சுவரை அரிக்காமல் நடுவில் ஒரு படலமாக நிற்கிறது. கிருமியைக் கொல்லும் பொருள்களும் இதில் உண்டு. அப்படி ஒன்றான லைசோசைம் பற்றி அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் எழுதினாரே, அதை அவர் கண்டது ஜலதோஷக்காரர் ஒருவரின் மூக்கொழுகலில்தான். பென்சிலின் அதற்கு ஆறு வருடம் கழித்து. மீனுக்கும் இந்தக் காப்பு உண்டு; கடலூர் துறைமுகத்தில் விலாங்கைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தெலுங்கிலும் கன்னடத்திலும் சளி என்றால் குளிர். நம்மிடம் அது குளிரால் வரும் நோய்க்கும் அந்த நோயில் ஒழுகுவதற்கும் பெயராகிவிட்டது. சீதமும் வடமொழிக் குளிர்ச்சிதான். சீதபேதியில் இருப்பது அதுவே. இலங்கைப் பாடநூல்கள் இதையே எடுத்து, மியூகஸைச் சுரக்கும் சவ்வைச் சீதமென்சவ்வு என்கின்றன. கபமும், சித்த மருத்துவத்தில் அதற்கு இன்னொரு பெயரான ஐயமும் வாதம், பித்தத்தோடு சேர்த்து எண்ணப்படுபவை. உடலின் ஒரு தன்மையையே குறிப்பதால் இங்கே பொருந்தாது.

என் தேர்வு கோழை. 'நெஞ்சுல கோழை கட்டியிருக்கு' என்னும்போது பேச்சு நோயை விட்டுப் பொருளுக்கு வந்துவிடுகிறது. பயந்தாங்கொள்ளிக்கும் அதுதான் பெயர் என்பது ஒரு தொல்லை; ஆனால் 'இரைப்பைக் கோழை' என்று படித்து யாரும் குழம்பப்போவதில்லை. அதைச் சுரக்கும் சவ்வுக்குச் சளிச்சவ்வு என்ற பெயர் மட்டும் புழக்கத்தில் ஊறிவிட்டது, அதை அப்படியே விட்டுவிடலாம். மலத்தோடு போவதற்குச் சீதம் என்ற பெயரும் இருக்கட்டும்.